அக்காவோடு நடந்த கோல்ஃப் மைதானம்

கோல்ஃப் உடம்புக்கு நல்லது. இதைச் சொல்வது நானில்லை, எங்கள் டைரக்டர். அவர் கொரிய மொழியில் சொல்வார், நான் அதையே தமிழில் சொல்வேன். என் பிழைப்பு அது. ஒரகடம் பக்கத்தில் கார் கதவுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கொரியக் கம்பெனியில் நான் மொழிபெயர்ப்பாளர். அவர்கள் அந்த மொழியில் கோபப்பட்டால் நான் தமிழில் கோபப்பட வேண்டும். சூப்பர்வைசர் தமிழில் மழுப்பினால் நான் கொரிய மொழியில் மழுப்ப வேண்டும். இரண்டுமே எனக்கு நன்றாக வரும்.

இந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. அடுத்தவர் பேசி முடித்த பிறகுதான் வாய் திறக்கவேண்டும் என்று பழகிப் பழகி, நாளடைவில் வாய் தானாகத் திறப்பதையே மறந்துவிடும். அடுப்பில் பால் பொங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்பேன். கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் "பாலு!" என்று கத்தினால்தான் எனக்கும் "ஐயோ பாலு!" என்று வரும். "யாராச்சும் எடுத்துக் குடுத்தாத்தான் உனுக்கு வாயே வரும்" என்று அவர் கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறேன்.

நான் என் சொந்த வார்த்தையில் பேசியது ஒரே ஒருத்தியிடம்தான். பக்கத்து வீட்டு அக்கா. மணிமங்கலத்தில் பிறந்து எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். மாடியில் நான்கு அறை கட்டி, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அவளுக்கும் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. இரண்டு பேருக்கும் படப்பையில் ஒரே டாக்டர். இரண்டு பேரையும் ஒரே நாளில் திட்டினார். மறுநாள் காலையிலேயே அக்கா என் வீட்டு கேட்டை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

"வாமே, நடக்கலாம். வூட்ல குந்திக்கினு இருந்தா சக்கர தானா எறங்கிடுமா?"

நைட்டியின் மேல் துப்பட்டா, காலில் அவள் வீட்டுக்காரருடைய பழைய ஷூ. அது அவளுக்கு ஒரு அளவு பெரிது. நடக்கும்போது குதிகால் பகுதி டப் டப் என்று அடிக்கும். அந்தச் சத்தத்தோடுதான் எனக்குப் பல வருஷம் விடிந்தது.

எங்கள் பக்கத்தில் நடப்பதற்கென்று இடம் கிடையாது. கம்பெனிகளுக்கு உள்ளே புல்வெளி வளர்த்திருக்கிறார்கள், ஆனால் வெளியே ஆள் நடக்க ஒரு முழம் இடம் விடவில்லை. கன்டெய்னர் லாரி, ஷிஃப்ட் பஸ், வேன், தூக்கம் கலையாமல் பைக் ஓட்டும் பையன்கள் எல்லாம் போனது போக மிச்சமிருக்கும் மண் ஓரத்தில் நாங்கள் நடந்தோம். அக்கா எப்போதும் எனக்கு வலப்பக்கம், தார் ரோட்டை ஒட்டி. "நீ சின்னவ, உள்ள வா" என்பாள். உண்மையில் நான்தான் அந்தப் பக்கம் நடந்திருக்கவேண்டும். பழைய கம்பெனி ஒன்றில் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்று நின்று அக்காவுக்குக் காது மந்தமாகியிருந்தது. பின்னால் வண்டி வந்தால் அவளுக்குக் கேட்காது. நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுப்பேன். பேச்சை நிறுத்தாமலே ஒதுங்கி, பேச்சை நிறுத்தாமலே மறுபடி தார் ரோட்டுக்கு வந்துவிடுவாள்.

ஒரு காலை கொரியாவிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களை அழைத்துவர என்னை விமான நிலையத்துக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். அக்காவிடம் முந்தின நாளே சொல்லிவிட்டேன். "போய்ட்டு வா, நான் ஒண்டியா நடந்துக்கறேன்" என்றாள். வந்தவர்களின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன் வந்தது. ஷிஃப்ட் வேன் ஒன்றின் ஓட்டுநர் கண் அசந்துவிட்டாராம். வண்டி மண் ஓரத்தில் இறங்கி வந்திருக்கிறது. பின்னாலிருந்து வந்ததால் அக்காவுக்குத் தெரியவே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் என்னிடமும் துக்கம் கேட்டார்கள். எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வார்த்தை சொன்னார்கள். "நீ இருந்திருந்தாலும் இன்னா பண்ணியிருக்க முடியும்? நீயும்தான் போயிருப்பே." நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆமாம், என்ன செய்திருக்க முடியும்? பால் பொங்கினாலே வாய் வராதவள் நான். வேன் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன், அவ்வளவுதான். இப்படிச் சொல்லிக்கொண்டால் அன்றைக்குத் தூக்கம் வரும். மறுநாள் விடிகாலையில் சந்தேகமும் கூடவே விழித்துக்கொள்ளும். ஒருவேளை கத்தியிருப்பேனோ? நேரத்துக்குக் கத்தியிருப்பேனோ? அங்கே நான் நிற்பதாக நினைத்துப் பார்ப்பேன். வேன் வரும், என் வாய் திறக்கும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சத்தம் வந்ததா இல்லையா என்று தெரிவதற்குள் கலைந்துவிடும்.

நடப்பதை விட்டுவிட்டேன். அந்த ரோட்டில் கால் வைத்தாலே வலது காதில் டப் டப் கேட்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. பேய் பிசாசு என்று நான் சொல்லவில்லை, எனக்கு அதில் நம்பிக்கையும் கிடையாது. ஆனால் கேட்டது. சர்க்கரை ஏறியது. இடது பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது, பிறகு அதுவும் இல்லாமல் மரத்துப்போனது. ஊசி போடவேண்டி வரும் என்று டாக்டர் எச்சரித்தார். வீட்டுக்காரர் டிரெட்மில் ஒன்று வாங்கிப் போட்டார். இரண்டே வாரத்தில் அது துணி காயப்போடும் கொடியாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் டைரக்டர் என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் மைதானத்துக்கு வரச் சொன்னார். எங்களுக்குச் சரக்கு கொடுக்கும் உள்ளூர் முதலாளிகளை அங்கே அழைத்துப் பேசுவது அவர் வழக்கம். பேச்சை மாற்றிச் சொல்ல நான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் போச்சா என்று மனதுக்குள் நன்றாகத் திட்டிவிட்டுத்தான் போனேன்.

முதல் நாள் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக ஒரு பந்து. அதை அடிப்பதற்குப் பதினாலு மட்டை. அதைச் சுமக்க ஒரு ஆள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் இந்த விளையாட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கவேண்டும். முதலாளிகள் வந்ததும் வராததுமாக பேட்டரி வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். டைரக்டர் அவர்களை இறக்கிவிட்டார்.

"வண்டியில் போனால் அது கோல்ஃப் இல்லை, ஊர்வலம்" என்றார். நான் சொன்னேன். முதலாளிகள் என்னை முறைத்தார்கள், சொன்னது நான்தான் என்பதுபோல.

பிறகு அவருடைய பிரசங்கம் தொடங்கியது. அதை எத்தனையோ ஞாயிறு சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நாலைந்து மணி நேரம் மேடும் பள்ளமுமாக நடக்கிறோம், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறோம், அதனால் இதயத்துக்கு வேலையும் உண்டு ஓய்வும் உண்டு. மட்டையைச் சுழற்றும்போது இடுப்பும் முதுகும் தோளும் ஒன்றாகத் திரும்புகின்றன. தூரத்தில் விழுந்த பந்தைத் தேடுவதால் கம்ப்யூட்டரைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு ஆறுதல். புல்லில் நடப்பதால் முட்டிக்கு நோவு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அடிக்கிற நேரத்தில் வேறு எதையும் நினைக்க முடியாது, அதனால் மனம் லேசாகிறது. கடைசி வரியை மட்டும் நான் அவசரமாகச் சொல்லி முடித்துவிடுவேன்.

ஒரு விதியும் சொல்லிக் கொடுத்தார். பந்து திசை மாறி ஆட்கள் இருக்கும் பக்கம் போனால் கொரியாக்காரர்கள் பந்து என்ற அர்த்தத்தில் "பொல்!" என்று கத்துவார்கள். இங்கே ஓரத்தில் களை பிடுங்கும் பெண்களுக்கு அது என்னவென்று தெரியாது. யாரோ ஏதோ கூவுகிறார்கள் என்று நிமிர்ந்து வேடிக்கை பார்ப்பார்கள், அதைவிட ஆபத்து வேறில்லை. "நான் கத்தினால் அடுத்த நொடி நீ தமிழில் கத்த வேண்டும். இந்த மைதானத்தில் உன் முதல் வேலை அதுதான்" என்றார். சரி என்று தலையாட்டினேன். இரண்டாவதாகக் கத்துவது எனக்குப் புதிதில்லை.

முதல் சில வாரம் அவர் கத்தினார், நான் கத்தினேன். "தள்ளிக்கோங்க! பந்து வருது!" என்று. பந்து எங்கேயோ விழுந்த பிறகு என் குரல் போய்ச் சேரும். பெண்கள் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எங்களுக்குப் பை தூக்கும் அண்ணன், பக்கத்துக் கிராமத்துக்காரர், "மேடம், உங்க குரலு பஸ்ஸு போனப்புறம் கைகாட்டுறா மாதிரி கீது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு என்ன தெரியும், பாவம்.

அந்த மைதானத்தில் எனக்குக் கால் வந்தது. ரோடு இல்லை, வண்டி இல்லை, பின்னால் எதுவும் வராது. பயமில்லாமல் நடந்தேன். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, மைதானத்தின் நடுவில் எல்லாரும் முன்னே போய்விட, நான் தனியாகப் பின்தங்கியபோது வலப்பக்கம் டப் டப் கேட்டது. புல்லில் ஷூ சத்தம் கேட்காது. என் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அது கேட்டது.

ரோட்டில் கேட்டபோது ஓடிவந்துவிட்டேன். இங்கே ஓடவில்லை. கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டு நடந்தேன்.

"யக்கா" என்றேன் மெதுவாக. "பார்த்தியா, இவனுங்க நடக்கறதுக்கு இன்னா மாரி ஒரு எடம் வெச்சிக்கினு கீறானுங்க."

பதில் வரவில்லை. அதனால் என்ன? அக்கா உயிரோடு இருந்தபோதும் நான் சொல்வதில் பாதி அவளுக்குக் கேட்டதில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் பேசினேன். மாடி அறைப் பையன்கள் இப்போது தண்ணீர் மோட்டாரை நிறுத்துவதே இல்லை என்று சொன்னேன். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியதென்று டிவிக்காரர்கள் பயமுறுத்துவதைச் சொன்னேன். வாரம் முழுவதும் ஊரார் வார்த்தையைப் பேசிய வாய்க்கு அந்தச் சில மணி நேரம்தான் சொந்தம். பை தூக்கும் அண்ணன் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"யார்கிட்ட மேடம் பேசிக்கினே வரீங்க?"

"போன்ல."

அவர் என் காதைப் பார்த்தார். கையைப் பார்த்தார். இரண்டிலும் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் அவர் எனக்கு வலப்பக்கம் நடந்ததே இல்லை. வரவேண்டியிருந்தாலும் சுற்றிக்கொண்டு இடப்பக்கமாக வருவார். அதற்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சும்மா நடக்கிறவள் ஒரு அடி அடித்துப் பார் என்று டைரக்டர் மட்டையைக் கையில் கொடுத்தார். பந்தைத் தவிர எல்லாவற்றையும் அடித்தேன். புல் பறந்தது, மண் பறந்தது, பந்து உட்கார்ந்த இடத்திலேயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தரை மேடாக இருக்கிறது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் நிலைமைக்கு நானே என்னைக் கொண்டுவந்துவிட்டேன். மறுநாள் எழுந்தபோது எனக்கு இருப்பதே தெரியாத இடத்திலெல்லாம் வலித்தது. ஆனால் விடவில்லை. இடுப்பைத் திருப்பக் கற்றேன். அடிக்கும்போது மூச்சை அடைக்காமல் வெளியே விடக் கற்றேன். அடிப்பவனின் தோளையும் முகத்தையும் பார்த்தே பந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவும் தெரிந்துகொண்டேன். என் பந்து போகவில்லை என்றாலும் அடுத்தவர் பந்து போகும் இடம் எனக்குத் தெரிந்தது.

ஒரு வருஷம் கழித்து டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை பார்த்தார். பாதத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார். "ஐயோ" என்று காலை இழுத்துக்கொண்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"என்னம்மா பண்றீங்க?"

"கோல்ஃப், சார்."

பேனாவை வைத்துவிட்டு என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். காட்டன் புடவை, பையில் வெண்டைக்காய். "நல்லது, விடாதீங்க" என்றார். வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். அவளும் அந்த டாக்டரிடம் நல்ல பேர் வாங்கவேண்டும் என்று எவ்வளவோ பாடுபட்டவள். அன்று பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். உடம்பு தேறத் தேற அவள்மேல் இருந்த ஏக்கம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. நன்றாக நடக்க முடிந்ததால் நன்றாக நினைக்கவும் முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. வந்திருந்தவர் பிளாஸ்டிக் பாகம் செய்யும் ஒரு முதலாளி, புது மட்டை வாங்கிய பெருமையில் இருந்தார். வலப்பக்கம் குட்டையோரத்தில் நாலைந்து பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நகரும்வரை பொறுக்கவேண்டும் என்பது முறை. டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி பனியனில் துடைத்துக்கொண்டிருந்தார். பை தூக்கும் அண்ணன் குனிந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி பொறுக்கவில்லை.

மட்டை மேலே போனபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தோள் முந்திக்கொண்டு திறந்தது. பந்து வளைந்து வலப்பக்கம் போகப் போகிறது. அதே நேரத்தில் அந்தப் பெண்களில் ஒருத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்த எழுந்து நின்றாள்.

யாரும் "பொல்" என்று கத்தவில்லை.

"யக்கா! குனி! யக்கோவ், குனி!"

அது என் குரல் என்று எனக்கே உடனே புரியவில்லை. வயிற்றின் அடியிலிருந்து வந்தது. குட்டையில் இருந்த கொக்குகள் எழும்பின. அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை, யார் என்று யோசிக்கவில்லை, நின்ற இடத்தில் அப்படியே பொத்தென்று குந்திவிட்டாள். அவள் தலை இருந்த இடத்தின் வழியாகப் பந்து போய்க் குட்டையில் விழுந்தது. தண்ணீர் தெறித்ததை எல்லாருமே பார்த்தோம்.

முதலாளியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. டைரக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "எவ்வளவு பெரிய குரல்! பார், நான் சொன்னேன் இல்லையா, இந்த விளையாட்டு நுரையீரலைத் திறக்கும் என்று" என்றார். எல்லாருமாக அந்த அம்மாளிடம் ஓடினோம். டைரக்டர் அவர்கள் ஊர் வழக்கப்படி இடுப்பை வளைத்து நெடுநேரம் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவள் கூச்சத்தில் "இருக்கட்டும் சாமி, இருக்கட்டும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். மண் ஒட்டியிருந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேள நீ இருந்தே கண்ணு" என்றாள். "இல்லன்னா இந்நேரம் எனுக்கு சங்கு ஊதிகினு இருப்பானுங்க."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் பொய் சொல்லியிருக்கிறார்கள். நானும் எனக்கே பொய் சொல்லிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். என் வாய் வரும். யாரும் எடுத்துக் கொடுக்காமலே வரும், நேரத்துக்கு வரும். அக்காவுக்குக் காது மந்தம்தான், ஆனால் இந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். அன்றைக்கு நான் பெட்டி எண்ணப் போகாமல் இருந்திருந்தால் அவள் ஒதுங்கியிருப்பாள், ஒதுங்கிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்திருப்பாள்.

அந்த அம்மாள் என் மணிக்கட்டை விடவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று டைரக்டர் கேட்டார். மறுபடியும் கேட்டார்.

நன்றி சொல்கிறார் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.